இனம்: மற்றவை

மாடியில் வாடகைக்கு இருந்த ஷிபின்
பரீட்சை முடிந்த ராத்திரியே ஊருக்குப் போய்விட்டான்.
இரண்டு மாசக் கரண்டு பாக்கி,
கிழிந்த மழைக்கோட்டு ஒன்று,
பாசி பிடித்த கண்ணாடித் தொட்டி.
தொட்டிக்குள் நான்கு தங்க மீன்,
அவற்றுக்கு அடியில்
அது.

மீன் என்றால் கால் எதற்கு.
பல்லி என்றால் தண்ணீருக்குள் என்ன ஜோலி.
பக்கத்து வீட்டு ஜாஸ்பின் எட்டிப்பார்த்தாள்:
"தவளைக்குஞ்சாக்கும் அக்கா, வாலு தன்னால விழும்."
பத்து நாள் காத்திருந்தோம். விழவில்லை.
கழுத்தின் இரு பக்கமும் மும்மூன்று செந்தூவல்
காற்றே இல்லாத இடத்தில்
காற்றடிப்பதுபோல் அசைந்துகொண்டிருந்தது.
சிரிக்கிற வாய். இமையில்லாத கண்.
குரிசு வரைந்துவிட்டுத்தான்
தண்ணீரில் கை வைத்தேன்.

பெயர் தெரியாவிட்டாலும் பசிக்கும்தானே.
சோறு போட்டேன், கரைந்தது.
சாளைத் துண்டு போட்டேன், முகம் திருப்பிக்கொண்டது.
வாழைமூட்டில் தோண்டிய மண்புழுவைப் போட்டபோது
தண்ணீரே ஒருமுறை வாய் திறந்து மூடியது.
புழுவைக் காணோம்.
கூடவே ஒரு கூழாங்கல்லையும் காணோம்.
மூன்றாம் நாள் கல் மட்டும் வெளியே வந்தது.
அன்றைக்கே கல்லையெல்லாம் அள்ளி
கறிவேப்பிலை மூட்டில் கொட்டினேன்.

சித்திரை வெயிலில் வால்நுனி சுருண்டது,
தூண்டில் முள் மாதிரி.
தூவல்கள் வெளுத்தன.
தூக்குவாளியில் விட்டு, பஸ்ஸில் மடியில் வைத்து
குலசேகரம் கால்நடை மருந்தகத்துக்குப் போனேன்.
எனக்கு முன்னால் இரண்டு பசு, ஒரு சினையாடு,
கண்ணில் காயம்பட்ட சேவல்.
டாக்டர் ஹசீனா மூடியைத் திறந்து
வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
செல்போனில் படங்களைத் தள்ளித் தள்ளி,
"ஆக்ஸோலாட்டிலா இருக்கலாம்.
மெக்சிகோ பக்கம், குளிர்ந்த ஏரியில உள்ளது.
குஞ்சாவே இருந்து வயசாகிற ஜீவன்.
விரலை எண்ணுங்க, முன்னால நாலு, பின்னால அஞ்சு."

எண்ணினோம்.
முன்னால் நான்கு, நான்கு.
பின்னால் வலதில் ஐந்து.
இடதில் மூன்று.
"மூணா?"
இன்னொருமுறை எண்ணினார்.
"அப்ப எனக்கு உறுதியாச் சொல்லத் தெரியல."

சீட்டில் அச்சடித்திருந்தது
பசு, எருமை, ஆடு, கோழி, நாய்.
எல்லாவற்றையும் தாண்டி
மற்றவையில் ஒரு டிக்.
உரிமையாளர்?
ஷிபின் என்று சொல்ல வாய் திறப்பதற்குள்
எமில்டா, க/பெ கிறிஸ்துதாஸ் என்று
எழுதி முடித்திருந்தார்.

மருந்து கிடையாது, குளிர்தான் மருந்து.
தங்க மீன்களை வேறு பாத்திரத்துக்கு மாற்றினேன்.
விரல் போன விவரம் அவற்றுக்குத் தெரியும்.
பஞ்சாயத்துத் தண்ணீரை ஒருநாள் ஆறப்போட்டு ஊற்றினேன்.
குப்பியில் உறைந்த தண்ணீர்,
மத்தியானம் ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று.
தாங்காத நாளில் டப்பாவோடு பிரிட்ஜில்,
தோசைமாவுக்கும் அயிலைக்கும் நடுவில்.
தண்ணீர் எடுக்கக் கதவு திறந்த கிறிஸ்துதாஸ்
"எளவு, என்னைப் பாத்துச் சிரிக்கி" என்று
தாகத்தோடேயே மூடினார்.
ஷீட் அடிக்கிற ரோலருக்கு
இரண்டு விரல் கொடுத்தவர்.
அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

ஆனி மழையில் தொட்டி தானே குளிர்ந்தது.
வால் நிமிர்ந்தது.
இடது பின்னங்காலில் ஒரு மொட்டு,
நொய்யரிசி அளவு.
அடுத்த வாரம் பக்கத்தில் இன்னொன்று.
நான் யாரிடமும் சொல்லவில்லை.

மழை விட்ட ஒரு விடியற்காலை,
பால்வெட்டுக்குத் தலைவிளக்கு கட்டியவர்
தொட்டி முன்னால் குத்தவைத்திருந்தார்.
அதன் கண் கூசாமல் ஒரு கையால் வெளிச்சத்தை மறைத்து
மறு கையால் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு
எண்ணிக்கொண்டிருந்தார்.
"அஞ்சு இருக்கு. டாக்டர்ட்ட போய்ச் சொல்லு."
திரும்பிப் பார்க்காமல்
கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

கண்ணாடியில் மூன்று விரலின் ஈரம்.
உள்பக்கத்தில் அது
அதே இடத்தில் மூக்கை வைத்துக் காத்திருந்தது.
புழு என்று நினைத்திருக்கும்.