நகரும் தீ

மொந்தேவிதேயோவில் ஜூலைக் குளிர்.
பழைய பம்ப் அறைதான் பூங்கா அலுவலகம்.
ஆணியில் நாற்பத்தொரு சாவி,
பூங்கா முழுக்கத் தேடினால் முப்பத்தாறு பூட்டு.
மிச்ச ஐந்தையும்
தூக்கிப் போட எனக்கு முன்னிருந்தவருக்கும் மனம் வரவில்லை.

இருப்பது ஒரே புல்வெளி.
ஞாயிறன்று அதை ஒன்பது கூட்டத்துக்குக் கொடுக்கிறேன்,
ஒன்பதுக்கும் அது முழுசாய்க் கிடைத்ததுபோல.

சதுரங்கக்காரர்கள்
கோடையில் எழுதி வாங்கிய நிழலைக்
குளிரிலும் விடுவதாயில்லை.
பல் கிடுகிடுக்க அதிலேயே உட்கார்ந்து
ராணியை வெட்டுகிறார்கள்.
பதினைந்து வயது நிறைந்த பெண்
நீல கவுனில் வாத்துக்குளத்தோரம் நிற்க,
போட்டோக்காரர் பின்வாங்கிப் பின்வாங்கி
ரோஜாப் பாத்திக்குள் இறங்கிவிட்டார்.
நாய்களுக்கு மணி பார்க்கத் தெரியாது.
நாய்க்காரர்களுக்குத் தெரியும்.

கண்ணாடிச் சட்டத்துக்குள் விதிகள்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று:
புல்லை மிதியாதீர்.
குதிரைகளை நடையில் மட்டுமே செலுத்துக.
யாரும் இன்னும் ரத்து செய்யவில்லை.
குதிரை வந்தால் நான் தயார்.

இளைத்துப்போன புல்லுக்கு மூன்று மாத ஓய்வென்று
நானும் வில்மாரும் கயிறு கட்டினோம்.
மறுநாள் கயிறு அப்படியே இருந்தது.
அதன் கீழே குனிந்து போன தடமும் இருந்தது,
பேருந்து நிறுத்தத்திலிருந்து
ஆஸ்பத்திரி வாசல்வரை.
பூங்காவை வரைந்தவர் வளைவாக யோசித்தார்.
இரவு வேலை முடித்த நர்ஸின் கால்
நேராக யோசிக்கிறது.
அந்த இடத்தில் முடிச்சை அவிழ்த்துவிட்டேன்.
வில்மார் பார்த்தான், கேட்கவில்லை.

நாலு மணிக்கு முரசுகள்.
சிக்கோ, ரெபிக்கே, பியானோ:
மூன்று உயரம், முப்பது தோள்.
ஆற்றுக் காற்றில் தோல் தொய்ந்துவிடும்.
அட்டைப்பெட்டியைக் கொளுத்தி
முரசுகளை அதைச் சுற்றிச் சாய்த்து வைத்து
நடுநடுவே ஒரு தட்டு:
இன்னும் இல்லை, இன்னும் இல்லை.

கொளுத்துவது ஒம்பு மரத்தின் வேரடியில்.
யானை படுத்ததுபோல் வேர், காற்று நுழையாது.
பாரம்பரியக் குழுவின் பெந்தான்கூர்
அளவுகோலோடு வந்து கரியை அளந்தார்.
முப்பத்தேழு சென்டிமீட்டர்.
கடிதமும் வந்தது.

நிபியா குலார்த்தேயிடம் வாசித்துக் காட்டினேன்.
"பத்து நிமிஷம்தான் தீ.
மீதியெல்லாம் சத்தம்.
சத்தத்துக்குத்தான் அனுமதி தந்திருக்கிறீர்களே?"

வில்மார் மின் ஹீட்டர் ஒன்றை
நீள வயரில் இழுத்து வந்தான்.
தோல் அசைந்து கொடுக்கவில்லை, ஃபியூஸ் போயிற்று.
நீரூற்று நின்றது.
சதுரங்கக்காரர்களின் கெட்டிலும் நின்றது.
சத்தம் கூடாது என்று எழுதிக் கொடுத்தவர்கள்
அன்று போட்ட சத்தம்!

பிறகுதான்
கொட்டகைக்குப் பின்னால் கிடந்த
இரும்புத் தள்ளுவண்டி நினைவுக்கு வந்தது.
மண் சுமந்து மண் சுமந்து அடி தேய்ந்தது,
ஆனால் ஓட்டையில்லை.
அதில் அட்டையை அடுக்கி நிபியா தீ வைத்தாள்,
வில்மார் தள்ளினான்.
மரத்தைக் கடந்து, குளத்தைக் கடந்து,
குழாயடி ஓரம்.

புத்தகத்தில் 'இடம்' என்ற கட்டத்தில்
'நகரும்' என்று எழுதினேன்.
'நோக்கம்' கட்டத்தில்
ஏற்கெனவே அச்சடித்திருந்தது: பொழுதுபோக்கு.
என் தோளுக்கு மேலாக நிபியா எட்டிப் பார்த்தாள்.
"யாருடைய பொழுது?"
அடித்துவிட்டேன். மேலே என்ன எழுதுவதென்று தெரியாமல்
கட்டத்தைக் காலியாக விட்டேன்.

கெட்டில் இல்லாத சதுரங்கக்காரர்கள்
ஒவ்வொருவராய் எழுந்து வந்து
வண்டிமேல் கை நீட்டினார்கள்.
ஒருவர் கையில் வெட்டுப்பட்ட ராணி.
ஒரு தட்டு.
இன்னும் இல்லை.
இன்னொன்று.
இப்போது.

பெந்தான்கூருக்குப் பதில் எழுத வேண்டும்.
'வேரடியில் இனித் தீ இல்லை.'
முதல் வரி முழு உண்மை.
அதோடு கையெழுத்துப் போட்டுவிடலாமா
என்று பார்க்கிறேன்.