பின்கட்டு

முன்கட்டுக்கு எத்தனையோ முறை வெள்ளையடித்தாயிற்று.
எழுத்துரு, நிறம், ஓரத்து வெளி,
வாசிக்க வருபவர் கால்வைக்கும் இடமெல்லாம் பளபளப்பு.
எழுதுகிறவர் புழங்கும் பின்கட்டை மட்டும்
பதினான்கு வருடமாக யாரும் தொடவில்லை.

திறந்தால் இடப்பக்கம் ஒரு கறுப்புப் பட்டை.
அதில் இருபத்துமூன்று சொற்கள்.
ஒவ்வொன்றும் என்றோ யாரோ கேட்டுச் செருகியது.
‘கருவிகள்’ என்றொரு சொல்;
தட்டினால் ‘இங்கே கருவிகள் ஏதுமில்லை’ என்று வரும்.
அதைப் பார்த்து வாரம் ஒருமுறை சிரிப்பான் உர்மாஸ்.
எழுதி வைத்தவன் அவன்தான்.

தார்த்து நகரத்து டிசம்பர்.
மூன்றரைக்கே ஜன்னல்
முகம்பார்க்கும் கண்ணாடியாகிவிடும்.
நான் வெட்டிக்கொண்டே போனேன்.
இருபத்துமூன்று ஒன்பதாயிற்று, ஒன்பது ஆறாயிற்று.
கூல்லி எண்களை வாசிப்பாள், நான் கத்தரி வைப்பேன்.
‘முன்னோட்டம்?’
‘ஆயிரத்தில் மூன்று பேர்.’
எழுதும்போதே பக்கம் எப்படியோ அப்படித்தான் இனித் தெரியும்,
ஒத்திகைக்கு எதற்குத் தனி மேடை?
வெட்டினேன்.
அன்று மதியம் நல்ல பசி.

பரீட்சித்துப் பார்க்க ஐந்து பேரை வரவழைத்தோம்.
நான்காவது ஆள் ஹெல்வே,
அன்னெலின் பக்கம் இரவுப் பேருந்து ஓட்டுகிறவர்.
கையுறையைக் கழற்றி ரேடியேட்டர் மேல் வைத்தார்.
ஈரக் கம்பளி அறையெங்கும் மணத்தது.

‘ஏதாவது எழுதி முடியுங்கள்’ என்றேன்.
‘வெளியிடுங்கள்’ என்றிருக்க வேண்டும்;
தாளில் அப்படித்தான் இருந்தது.
எழுதினார். ஆறு வரி இருக்கும்.
பிறகு அவர் கை வலப்பக்க மேல்மூலைக்குப் போய்
வெறும் வெள்ளையைத் தட்டியது.
மறுபடி தட்டியது.
வீடு மாறிய முதல் வாரத்தில்
இருட்டில் சுவிட்சைத் துழாவும் கை.

‘பெரிய பச்சைப் பொத்தான் இருக்கிறதே.’
நான் பேசக்கூடாது. பேசிவிட்டேன்.
‘அது எனக்கு வேண்டாம்’ என்றார்.

பதினொரு வருடம்.
இரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம் வரைவுகள்.
ஒன்றுகூட வெளியே போகவில்லை.
எங்கள் கணக்கில் அவர்
‘தொடங்கிக் கைவிட்டவர்’.

வண்டியில் ஏறுகிறவர்களைத்தான் எழுதுகிறாராம்.
மூடியில்லாத வாளியில் மீனோடு வந்தவர்,
கடைசி இருக்கையில் ஷூவை இடம் வலம் மாற்றிப்
போட்டுக்கொண்டு தூங்கிய பையன்.
‘அவர்களிடம் நான் கேட்கவில்லையே.
கேட்காமல் ஊருக்கு எப்படிச் சொல்வது?’
அப்புறம் எதற்கு முன்னோட்டம்?
கொஞ்சம் யோசித்தார்.
‘எழுதுகிற பெட்டிக்குள் அது என் சரக்கு.
அங்கே போட்டுப் பார்த்தால்
வேறு யாரோ எழுதின மாதிரி இருக்கும்.
அப்போதுதான் எந்த இடத்தில் பொய் சொன்னேன் என்று தெரியும்.’

கூல்லி குறிப்பெடுப்பதை நிறுத்தியிருந்தாள்.

பிறகு நடந்தது அழகான கதையில்லை.
இரண்டு கூட்டம், ஒரு சச்சரவு.
முன்னோட்டம் திரும்பி வந்தது
மூன்று புள்ளிகளுக்குள், கடைசி வரியாக,
சாம்பல் நிறத்தில்.
அதற்கே உர்மாஸ் ஒரு சனிக்கிழமையைக் கொடுத்தான்.
‘கைவிட்டவர்’ என்ற தலைப்பை மட்டும்
யாரையும் கேட்காமல் மாற்றினேன்,
‘எழுதுகிறவர்’ என்று.
ஒரே இரவில் கூல்லியின் வரைபடம் துள்ளியது.
மேலிடத்தில் ஏதோ வெற்றியென்று நினைத்துக் கைதட்டினார்கள்.

ஜனவரியில் ஒரு நாள், கடைசி வண்டி.
ஓட்டுநர் இருக்கையில் ஹெல்வே.
என்னை அடையாளம் தெரிந்ததா, தெரியவில்லை.
பயண அட்டை மூன்று முறை தவறி
நான்காவதில் பிடித்தது.
உட்கார்ந்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்,
ஏனென்று தெரியாமல்.
என்னை எந்தச் சொல்லில் தொடங்குவார்
என்று யோசித்துக்கொண்டே
இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போயிருந்தேன்.