அறுபத்தெட்டு

பந்தைப் பார்க்காதே.
அதைப் பார்க்கத்தான் ஊரே இருக்கிறதே.

ஆக்டனில் நவம்பர். கடைசிக் கால்பகுதி.
ஒன்பதாயிரம் தலைகளும்
ட்ரேஸ் மெரிவெதரின் வலது கைப்பக்கம்.
அவன் எறிய மூன்று விநாடி வேண்டும்.
அதை யாராவது சம்பாதித்துத் தரவேண்டும்.

சியோசி மஹேயாகா குனிகிறான்,
மூச்சு புகைகிறது.
எதிரே நூற்று முப்பது கிலோ.
இடது பாதம் அரையடி பின்வாங்கி
மண்ணைக் கேட்டுவிட்டு
ஊன்றுகிறது.

ஒன்று.

இரண்டு.

பந்து போய்விட்டது. அரங்கமே எழுந்து நிற்கிறது.
கவசத்துக்குள் பல்லெல்லாம் ரத்தம்;
தான் சாய்த்தவனுக்கே கைகொடுத்துத் தூக்குகிறான்.
பிறகுதான் கேட்கிறான்,
டச்டவுனா என்று.

பேனா உறைந்துவிட்டது.
பென்சிலை நாவில் தொட்டு எழுதுகிறேன்:
68. இடது பாதம்.

மேலிடத்தில் கேட்பார்கள்,
எறிந்தவன் எப்படி என்று.
பார்க்கவில்லை என்பேன்.