கடன் வாங்கிய மூன்று நாள்

ஏப்ரல் ஒன்றாம் தேதி காலை
கால்நடை மருத்துவர் ஃபியக்ரா வந்தார்.
பதினொரு மாடுகள்.
ஒவ்வொரு கழுத்திலும் மேலொன்று கீழொன்றாக
மயிர் மழித்த இரண்டு வட்டம்,
வட்டத்துக்கொரு ஊசி.
"எழுபத்திரண்டு மணி நேரம், அட்ராக்டா.
கீழ் வட்டம் வீங்கினால் காசநோய்."
குழாயடியில் ரப்பர் காலணியைக் கழுவிக்கொண்டு
போய்விட்டார்.

மேயோ கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்த கதை:
கொடும் மார்ச்சைத் தாண்டிவிட்ட வரிப்பசு ஒன்று
மாதக் கடைசி இரவில் வாலைத் தூக்கிச் சொன்னதாம்,
"என் மயிரைக்கூட உன்னால் அசைக்க முடியலையே!"
மார்ச் பதில் பேசவில்லை.
ஏப்ரலின் கதவைத் தட்டி
மூன்று நாள் கடன் வாங்கிக்கொண்டு திரும்பியது.
முதல் நாள் ஆலங்கட்டி.
இரண்டாம் நாள் ஊசிக்காற்று.
மூன்றாம் நாள் தோலை உரித்து
வேலியில் காயப்போட்டது.

தன் வாயால் கெடுவது தவளை மட்டுமில்லை.
கடனைத் திருப்பித் தந்ததாக மட்டும்
யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

என் தொழுவத்தில் வரிக்காரி ஒருத்திதான்.
தாழ்ப்பாளை நாக்கால் நெம்பித் திறப்பாள்,
பக்கத்து முட்டைக்கோஸைப் பாதி தின்றுவிட்டு
என்னைப் பார்த்தே அசைபோடுவாள்.
எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.
ஆனாலும் விளக்கணைக்குமுன் அவள் காதருகே போய்
"மூணு நாள் வாயைத் திறக்காதே" என்றேன்.
மூச்சுதான் வந்தது, சூடாக.

மறுநாள் மலாக்கி மன்னெல்லி
கல்வேலிக்கு மேலே ஒரு கிடாயை இறக்கினான்.
ஆடு நிற்கிற மந்தையை நோய் அண்டாதாம்.
அது வந்ததும் முதல் வேலையாக
ஃபியக்ரா விட்டுப்போன படிவத்தைத் தின்றது.

பன்றி கொட்டிலில் எழுந்து நின்று
மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தது.
பன்றிக்குக் காற்று தெரியும் என்பார்கள்.
"என்ன நிறம்?" என்று கேட்டுவைத்தேன்.
கழுதை, முதுகுச் சிலுவையை மழைக்குக் காட்டியபடி
கேட்காதது மாதிரி நின்றது.

மூன்றாம் இரவு
நான்கு தடவை டார்ச்சோடு போனேன்.
கழுத்தைத் தொட்டுப் பார்க்கத் துணியவில்லை.

நான்காம் நாள்.
ஃபியக்ராவின் கையில் அளவுக் கவ்வி.
வரிக்காரியின் தோலைக் கிள்ளி அளந்து
"ஒன்றுமில்லை" என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அடுத்தது, அடுத்தது, அடுத்தது.
பிறகு வெண்முதுகி.
ஒருமுறை அளந்தார்.
கவ்வியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார்.
எண்ணைச் சொல்லவில்லை.

எட்டுக் கன்று போட்டவள்.
எட்டையும் லாரியில் ஏற்றியபோது
ஒரு சத்தம் போட்டதில்லை.
மடியில் கை வைத்தால் நகர்ந்துகூட நிற்கமாட்டாள்.
மார்ச்சை அவள் என்ன சொன்னாள்?
ஆள் மாறிப் போச்சு என்று
யாரிடம் போய் முறையிட?
படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.
இந்தத் தடவை கிடாயைக் கட்டிவைத்திருந்தேன்.

வியாழக்கிழமை வண்டி வந்தது.
வெண்முதுகி தானாகவே ஏறினாள்,
மழைக்கு ஒதுங்குகிறவள் போல.

அன்றிரவு தாழ்ப்பாள் விழுகிற சத்தம்.
எழுந்துபோய்ப் பார்த்தால்
வரிக்காரி சாலை முனையில் நிற்கிறாள்,
வண்டி போன திசையில் தலையை நீட்டி.
மலாக்கி வீட்டு விளக்கு எரிகிற அளவுக்கு
அடிவயிற்றிலிருந்து கதறுகிறாள்.

நான் அவளை உள்ளே ஓட்டவில்லை.
கோட்டின் கழுத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு
பக்கத்தில் நின்றேன்.
"சொல்லு" என்றேன்.