மீட்டர் பெட்டிக்குப் பின்னால்

"வண்டிய அந்தாண்ட போடும்மா" என்றார் டோக்கன் கிழிப்பவர்.
வண்டி இல்லை என்றேன்.
வண்டி இல்லாமல் வருகிறவர்களுக்கு
அவரிடம் வாக்கியம் இல்லை.
"கல்லைப் பார்க்க வந்தேன்."
"எந்தக் கல்லு?"

பதினோரு வருடமாக அவர் சாப்பாட்டுப் பை தொங்குகிற
ஆணிக்கு நேர் கீழே இருக்கிறது.
முழ அகலச் சலவைக்கல்.
ஓரத்தில் யாரோ சுண்ணாம்பு விரலைத் துடைத்த தடம்.

உபயம்
வெல்லமண்டி ஏ. தணிகாசல முதலியார்
லாங்கு பஜார், வேலூர்
ரூ. 7,001
ஏழைப் பெண்டுகளின் பிரசவத்துக்காகத்
தம் பாரி

அதற்கு மேல் மின்வாரியம்.
சாம்பல் நிறப் பெட்டியொன்று
நாலு திருகாணியில் கல்லின் மேல் உட்கார்ந்து
சிவப்புக் கண்ணை விட்டு விட்டுச் சிமிட்டுகிறது.
பெட்டியைத் தாண்டி வாக்கியம் வெளியே வந்து
ஞாபகார்த்தமாக, ஸ்ரீமுக வருஷம் தை மாதம்
என்று முடிந்துவிடுகிறது.

நான் பிறந்த இடம் இது.
காலையில் மாநகராட்சி ஜன்னலில்
பழைய பதிவேட்டின் நகலைக் கொடுத்தார்கள்:
பிறந்த இடம், தணிகாசலம் பிரசவ விடுதி.
தாயின் பெயர், ஜெகதாம்பா.
ஜெகதாம்பாள் என்றேன்.
ஓர் எழுத்துக்காக மூன்றாம் முறை காட்பாடியிலிருந்து பஸ்,
நோட்டரி முத்திரை, இரண்டு சாட்சிகள்.
சாப்பாட்டுக்குப் பிறகு வரச் சொன்னார்கள்.
அந்த இடைவெளியில்தான் இங்கே.

கட்டில்கள் கிடந்த இடத்தில்
எஞ்சின் ஆயில் வட்டங்கள்.
வேலூர் வெயிலுக்குத் தகரக் கூரை
தானாகவே பேசிக்கொள்கிறது.

"எங்க தாத்தா அந்த மண்டில மூட்ட தூக்கினவரு.
வீசைக்கு ரெண்டு பலம் கொறையும்னுவாரு.
மழ நாள்ல மூணு."
கோபமில்லை அவருக்கு. நேற்றைய மழையைச் சொல்வதுபோல் சொன்னார்.

எனக்குக் கணக்கு ஓடியது.
எத்தனை ஊர்க் கல்யாணத்துப் பாயசம்
இரண்டிரண்டு பலம் சப்பென்று ஆகி
ஏழாயிரம் சேர்ந்திருக்கும்?
அந்த ஒற்றை ரூபாய் மட்டும்
யாருக்கும் குறைக்காததா?

ஆனால் அம்மா இந்த விடுதியைப் பற்றிச்
சொன்னது ஒன்றே ஒன்று.
மூன்றாம் நாள் ஆயா காகிதத்தில்
ஆளுக்கோர் அச்சு வெல்லம் வைத்துப் போனாளாம்,
மொதலியார் கணக்கு என்று.
பக்கத்துக் கட்டில்காரிக்குப் பையன்.
இரண்டு அச்சையும் அம்மா
உள்ளங்கைகளில் தூக்கிப் பார்த்தாளாம்.
ஒரே எடை.
இதைச் சொல்லும்போது மட்டும் சற்று நிமிர்ந்து உட்காருவாள்.

பெட்டிக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நுழையும் சந்து.
கைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தேன்.
ஒட்டடை. குளவி கட்டிய மண்.
அதற்கும் பின்னால், வெட்டிய நாள்போலக் கறுப்பாக,
வெயிலே படாத ஓர் எழுத்து:
ள்.

"பேர் தெரிஞ்சுதா?"
"கடைசி எழுத்து."
"அது எல்லா அம்மாவுக்கும் இருக்கறதுதானே" என்றார்.

கிளம்பும்போது கூப்பிட்டார்.
உள்ளே வந்தவர் யாரானாலும் டோக்கன் கிழிக்க வேண்டுமாம்,
சாயங்காலம் கணக்கு இடிக்குமாம்.
பத்து ரூபாய் நீட்டினேன். வாங்கவில்லை.
நேரம் 12.40 என்று எழுதினார்.
வண்டி எண் என்ற கோட்டில் பேனாவை வைத்துக்கொண்டு
என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார்,
பிறகு மெதுவாக
பிரசவம் என்று எழுதிக் கொடுத்தார்.