இது நீங்களா?

இடைப்பருவ மதிப்பெண்ணை இனி
இணையத்தில்தான் ஏற்ற வேண்டும்,
வெள்ளி இரவு பன்னிரண்டுக்குப் பூட்டிவிடும் என்றார்கள்.
வெள்ளி மாலை
பழைய வண்ணாரப்பேட்டை முழுக்க மின்சாரம் இல்லை.
மழை வேறு.

ஆசிரியர் அறையில் அதே பேச்சு.
விலங்கியல் தேவசகாயம் சொன்னார்:
நூற்றுப் பன்னிரண்டு பெயர். ஒரு வரி வழுக்கினால்
ஒருத்தன் தலையெழுத்து இன்னொருத்தன் தலையில்.

சுலைகா மேடத்துக்குப் பிடித்திருந்தது.
அவர் படித்த காலத்தில்
மதிப்பெண்ணை வகுப்பில் உரக்க வாசிப்பார்களாம்,
கடைசிப் பெயர் எப்போதும் அவருடையதாம்.
"இப்ப அவளவ மார்க் அவளவ கைக்குள்ள.
அழணும்னா தனியா போய் அழலாம்."
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
வடை வந்தது.

மதிப்பெண் ஏறிய நொடியே
அப்பாவின் எண்ணுக்கும் செய்தி போகும்:
சுற்றறிக்கையின் ஏழாம் பத்தி.
காசிமேட்டில் விசைப்படகு ஏறியவருக்கு
கரையிலிருந்து எத்தனை மைல் வரை
மகள் தோற்றது எட்டும் என்று
இயற்பியல்காரர்கள் கணக்குப் போட்டார்கள்.
சிரித்தோம். நானும்தான்.

கருத்துக் கேட்டு ஒரு படிவமும் வந்தது.
ஐந்து நட்சத்திரம்.
நான் மூன்றைத் தொட்டேன்.
வாயைத் திறக்காதிருக்க
நாங்கள் வைத்திருக்கும் எண் மூன்று.

செந்தாமரைக்குப் படிவம் போகவில்லை.
ஆறு வருடமாய்க் கௌரவ விரிவுரையாளர்.
பதவியில் கௌரவம் உண்டு,
பயனர் எண் கிடையாது.
பாடம் எடுத்தது அவள், தாள் திருத்தியது அவள்,
ஏற்றுவது என் பெயரில்.
இருட்டில், கைபேசி வெளிச்சத்தில்,
கடவுச்சொல்லை அவள் உள்ளங்கையில் எழுதினேன்:
என் மகன் பெயர், அவன் பிறந்த வருடம்.
"பேரு நல்லாருக்கு மேடம்" என்றாள்.

ஒன்பதரைக்குக் கைபேசி அதிர்ந்தது.
வேறொரு கருவியில் உங்கள் கணக்கு. இது நீங்களா?
சப்பாத்தி மாவு ஒட்டிய விரலால்
ஆமாம் என்று அழுத்தினேன்.
பத்தே முக்காலுக்கு மறுபடி. இது நீங்களா?
ஆமாம்.
பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு, தூக்கத்தில்:
ஆமாம், நான்தான்.
தண்டையார்பேட்டையில் எந்த மாடிப்படியில் உட்கார்ந்து
சிக்னலுக்குக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தாளோ.

திங்கட்கிழமை படிக்கட்டில் ஒருவன் வழிமறித்தான்.
ரீகன். எண்ணூர்.
"முப்பத்தொண்ணு மேடம்! இருபதைத் தாண்டினதே இல்ல நான்.
நாலாவது கணக்குல விடை தப்பு,
வழி சரின்னு மார்க் போட்டிருக்கீங்க.
ராத்திரி அப்பா ஷிப்ட்ல இருந்தே போன் பண்ணிட்டாரு."

நான் இல்லை என்று வாய்வரை வந்தது.
கடவுச்சொல்லைப் பகிர்ந்தால் விளக்கம் கேட்கப்படும்:
அது ஒன்பதாம் பத்தி. எனக்கு மட்டுமல்ல,
அவளுக்கு விளக்கம்கூடக் கேட்க மாட்டார்கள்.
"உன் வகுப்பு மேடத்துக்குச் சொன்னியா?"
"அவங்க பேரே அதுல இல்லையே" என்று
திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.
என் பெயர். தடித்த எழுத்தில். முதலெழுத்தோடு.
"நல்லா படி" என்றேன்.
வேறென்ன சொல்லிவிட முடியும்,
மூன்று நட்சத்திரம் போட்டவள்.

மாதம் முடிந்ததும் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னது திரை.
அவள் பெயரையும்
அவள் வேலைக்குச் சேர்ந்த வருடத்தையும் தட்டினேன்.
அந்த இயந்திரத்துக்குள்
அவள் பெயர் இருக்கும் ஒரே இடம்,
அதையும் கறுப்புப் புள்ளிகளாகத்தான் காட்டுகிறது.

மறுநாள் மணி அடிக்கும் நேரம்,
கையில் சாக்பீஸோடு போய்க்கொண்டிருந்தவளிடம் ரகசியமாகச் சொன்னேன்,
ஒவ்வோர் எழுத்தாக.
நின்றாள். யோசித்தாள்.
"என் பேர்ல ஒரு எச் வரும் மேடம்."