இடது முன் சக்கரம்

எனக்கு முன்னரே அவளுக்குத் தெரிந்திருந்தது.

நான் கேட்டுக்கொண்டிருந்தது வானொலியை,
பதினொரு பிள்ளைகளின் பதினொரு சண்டைகளை,
நோர்வூட் பாலத்தில் மணல் லொறிக்காரன்
பொறுமையில்லாமல் அடித்த ஹோனை.
யதுர்ஷிகா எதையும் கேட்பதில்லை.
காது கேளாத பிள்ளைகளுக்கு அட்டனில் ஒரு வகுப்பு இருக்கிறது.
மஸ்கெலியாவில் ஏறியதும் சப்பாத்தைக் கழற்றுவாள்,
வெள்ளைக் காலுறையோடு
இரண்டு பாதங்களையும் தகரத் தரையில் ஒட்டி வைப்பாள்,
இறங்கும்வரை எடுக்கமாட்டாள்.

ஒரு செவ்வாய்
கொழுந்து லொறிக்கு ஒதுங்கிக்
கானோரம் இறங்கி ஏறியபோது
தோளில் தட்டினாள்.
ஒரு கையை முஷ்டியாக்கி
மற்றக் கையைக் கிண்ணமாக்கி மூடி
உள்ளே ஆட்டிக் காட்டினாள்.
பிறகு விரலை நீட்டினாள்:
இடது, முன்.

வயிற்று வலியாக்கும் என்று
ஒரு இஞ்சி டொபி கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டாள்.
விரலை மடக்கவில்லை.

வண்டி தொண்ணூற்றி மூன்றாம் வருசத்து லைட்ஏஸ்.
ஜப்பானில் யாரோ மீன் ஏற்றியது;
மழை நாளில் இன்னும் கொஞ்சம் கடல் மணக்கும்.
பின்னுக்கு நாலு பட்டை,
அதில் இரண்டு வேறு வண்டியுடையவை.
முன்னுக்கு முறுக்குக் கம்பி.
குந்தும்போதெல்லாம் போல்ட்டை இறுக்கி இறுக்கி
எழுப்பி நிறுத்தியிருக்கிறேன்,
கடன்காரனுக்கு முன்னால்
நெஞ்சை நிமிர்த்தும் ஆளைப் போல.
உயரம் வந்தது. மென்மை போனது.

ரம்சீன் பாஸ் ஜெக் அடித்தார்.
சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஒரு ஆட்டு.
ஒன்றுமில்லை.
மேலும் கீழுமாய்ப் பிடித்து ஒரு ஆட்டு.
டொக்.
டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே போனவர்
வெளியே வரக் கொஞ்சம் நேரமெடுத்தார்.
"போல் ஜொயிண்ட். ரப்பர் கிழிஞ்சு எவ்வளவு நாளோ.
உள்ளுக்குக் கிறீஸ் இல்ல, செம்மண் தண்ணிதான்.
கழண்டா சக்கரம் வெளிய படுத்திரும்.
எந்த வளைவில எண்டதுதான் கேள்வி."

எனக்கு எல்லா வளைவும் ஒன்றாக ஞாபகம் வந்தது.
நீர்த்தேக்கத்தோரம்
தடுப்புக் கல் விழுந்து
இன்னும் யாரும் நட்டுவைக்காத அந்த முடக்கு,
கொஞ்சம் கூடுதலாக.

டிசம்பர்க் காசு பாதி வீட்டில் வரவில்லை.
பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்தது
பேப்பரில் சுற்றிய ஒரு சோடி.
"இப்ப ஒண்டு போதும் பாஸ்."
"செருப்பு வாங்கப் போனாலும் இப்பிடித்தான் கேப்பியா?"
சோடியாகவே போட்டோம்.
பழையது பதினெட்டுச் சுத்தியல் அடிக்கு
அசையாமல் இருந்தது;
பத்தொன்பதாவதில்
இவ்வளவுதானே, கேட்டிருக்கலாமே என்பதுபோல
மண்ணில் விழுந்தது.

துடைத்துப் பார்த்தேன்.
குண்டு ஒரு நாவற்பழம் அளவு,
ஒரு பக்கம் தேய்ந்து முட்டையாகியிருந்தது.
இதன்மேலா இத்தனை நாளும்
பதினொரு பேரும் சண்டை போட்டார்கள்?

திங்கட்கிழமை அவளிடம் கொடுத்தேன்.
மணந்து பார்த்தாள்.
கிண்ணத்துக்குள் குண்டை ஆட்டினாள்.
சொன்னேன்தானே என்பதற்கு
சைகை தேவைப்படவில்லை.

அன்று வானொலியைப் போடவில்லை.
இடது செருப்பைக் கழற்றிவிட்டு
வெறும் பாதத்தைக் கிளச்சில் வைத்து ஓட்டினேன்.
எஞ்சின் வந்தது, கியர் வந்தது,
கொங்கிரீட் முடிந்து தார் தொடங்கும் இடம் வந்தது.
அதற்குமேல் எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

டிக்கோயாவுக்கு முன்னால் ஒரு பள்ளம்.
கண்ணாடியில் பார்த்தேன்.
விரல் நீண்டிருந்தது:
வலது, பின்.

அடுத்த மாதம் என்று வாயசைத்தேன்.
கண்ணாடியிலேயே படித்தாள்.
நீட்டிய விரலை மடக்காமல்
மற்றக் கையை நீட்டினாள்,
டொபிக்கு.